மழைக்காலக் காய்ச்சலும் மூன்று நாள் கூலியும்

எடவப்பாதி (தென்மேற்குப் பருவ) மழை பிடித்ததும் பாறசாலை, நெய்யாற்றின்கரை வட்டாரத்தில் காய்ச்சல் பேச்சு இல்லாத டீக்கடை இருக்காது. வேலைக்குப் போகிறவர்கள் பலரும் அப்போது செய்வது ஒன்றுதான்: பாரசிட்டமால் ஒன்றைப் போட்டுக்கொண்டு காலை பஸ்ஸைப் பிடிப்பது. நாள்கூலி போய்விடுமே, முதலாளி முகம் சுளிப்பாரே என்ற கவலை. கவலை நியாயமானது, கணக்குத்தான் தப்பு. காய்ச்சலோடு போகிறவரால் அரை வேலைகூடச் செய்ய முடியாது. பக்கத்தில் நிற்கும் நாலு பேருக்கு ஒட்டவைத்துவிட்டு வருவார். அடுத்த வாரம் வேலைத்தளமே படுத்துவிடும். வீட்டில் பிள்ளையோ அம்மாவோ படுத்துவிட்டால், அவர்களைப் பார்க்க இன்னும் சில நாள் கூலி போகும்.

மழைக்கு முன்பே தயாராவது, காய்ச்சல் வந்தால் முதல் மூன்று நாள் வீட்டில் இருப்பது, உரிய விடுப்பைக் கேட்டு வாங்குவது. கூலியையும் வேலையையும் காப்பாற்றுபவை இந்த மூன்றும்தான்.

எப்படிப் பரவுகிறது?

ஃப்ளூ என்பது இன்ஃப்ளூயன்சா வைரஸ் தரும் காய்ச்சல். இப்போது சுற்றிவருபவை ஏ வகையில் எச்1என்1, எச்3என்2. பி வகையில் விக்டோரியா. 2009-ல் உலகத்தையே அலைக்கழித்த எச்1என்1 இன்று ஆண்டுதோறும் வந்துபோகும் பருவக் காய்ச்சலாகிவிட்டது. இந்தியாவில் இதற்கு இரண்டு பருவங்கள்: ஜனவரி முதல் மார்ச் வரை ஒன்று, மழைக்காலம் இன்னொன்று.

வைரஸ் உடம்பில் புகுந்து 1 முதல் 4 நாளில் காய்ச்சல் தெரியும். தெரிவதற்கு ஒரு நாள் முன்பே அவர் பிறருக்குக் கொடுக்கத் தொடங்கியிருப்பார். அதன்பின் 5 முதல் 7 நாள் வரை கொடுப்பார். அதிலும் காய்ச்சல் கண்ட முதல் மூன்று நாளில்தான் பரவல் மிக அதிகம். அந்த மூன்று நாள் வீட்டில் இருக்கச் சொல்வது இதனால்தான்.

இங்கே காய்ச்சல் மாநில எல்லையையும் தாண்டுகிறது. 1956 நவம்பர் 1-ல் மாநிலங்களைப் பிரித்தபோது விளவங்கோடும் கல்குளமும் தமிழகத்துக்கு வந்தன. நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றது. வேலை அந்த எல்லையைப் பார்ப்பதில்லை. மார்த்தாண்டத்துக் கொத்தனார் திருவனந்தபுரத்தில் வீடு கட்டுகிறார். பாறசாலை வியாபாரி களியக்காவிளைச் சந்தையில் சரக்கு எடுக்கிறார். இவர்களோடு காய்ச்சலும் போய்வருகிறது.

காலை எட்டு மணிக்கு, மழை நேரத்தில், களியக்காவிளையிலிருந்து திருவனந்தபுரம் போகும் பஸ்ஸைப் பாருங்கள். அமரவிளை வருமுன்பே நிற்க இடம் இருக்காது. சாரல் அடித்ததும் ஜன்னலோரத்தில் இருப்பவர் சுருட்டி வைத்த தார்ப்பாய் ஷட்டரை இறக்குவார். அவரைப் பார்த்து அடுத்தவரும் இறக்குவார். ஐந்து நிமிடத்தில் பஸ் முழுக்க இருட்டு, புழுக்கம். ஒருவர் இருமினால் அந்தக் காற்றைத்தான் எல்லோரும் சுவாசிக்க வேண்டும். முகக்கவசம் போட வேண்டிய இடம் இதுதான். மழை சற்று விட்டதும் உங்கள் பக்கத்து ஷட்டரையாவது ஏற்றிவிடுங்கள்.

மே மாதத்தில் முடிக்க வேண்டியவை

1. தடுப்பூசி. ஃப்ளூ ஊசி ஆண்டுக்கு ஒரு முறை போட வேண்டும். வைரஸ் மாறிக்கொண்டே இருப்பதால் உலக சுகாதார நிறுவனம் ஆண்டுக்கு இரண்டு முறை, பிப்ரவரியிலும் செப்டம்பரிலும், ஊசியின் சேர்மானத்தை அறிவிக்கிறது. போட்ட இரண்டு வாரத்தில்தான் எதிர்ப்பு சக்தி முழுதாக வரும். அதனால் மழைக்கு முன்பே போட்டுவிடுவது நல்லது. இருப்பதில் புதிய சேர்மானத்தைக் கேட்டு வாங்குங்கள். சேர்மானம் நன்றாகப் பொருந்தும் ஆண்டுகளில் டாக்டரைப் பார்க்கும் அளவுக்கு ஃப்ளூ வரும் வாய்ப்பை இது 40 முதல் 60 சதவீதம் குறைக்கும். ஊசி போட்டும் காய்ச்சல் வந்தவர்களுக்குப் பெரும்பாலும் கடுமையாகாது. அரசின் இலவசத் தடுப்பூசிப் பட்டியலில் இது இல்லை. தனியார் மருத்துவமனையில் பணம் கட்ட வேண்டும். எல்லோருக்கும் முடியாவிட்டால் வீட்டில் முதலில் கர்ப்பிணி, 65 வயது கடந்தவர், சர்க்கரை, ஆஸ்துமா, இருதய நோய் உள்ளவர் ஆகியோருக்குப் போடுங்கள். ஆஸ்பத்திரியில் வேலை செய்பவர்கள் கட்டாயம் போட்டுக்கொள்ளுங்கள்.

2. மூன்று நாள் கூலி. அயல்கூட்டத்தில் (சுயஉதவிக் குழுவில்) சேமிப்பு இருந்தால் அதில் மூன்று நாள் கூலியை மழைக்காலத்துக்கென்று தொடாமல் வையுங்கள். கையில் அந்தப் பணம் இருந்தால்தான் காய்ச்சலன்று வீட்டில் இருக்கத் துணிவு வரும்.

3. மாற்று ஆள். நீங்கள் வராத நாளில் உங்கள் வேலையை யார் பார்ப்பது என்று இருவர் இருவராகப் பேசி வையுங்கள். அவர் படுத்தால் நீங்கள், நீங்கள் படுத்தால் அவர்.

வேலை செய்யும் இடத்தில்

பாலராமபுரத்துக் குழித்தறிக் கூடத்தில் நெசவாளர்கள் குழியில் காலை விட்டபடி அடுத்தடுத்து உட்கார்ந்து நாள் முழுக்க நெய்கிறார்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டுத் தொடக்கத்தில், பாலராமவர்மா மன்னர் காலத்தில், தமிழ்ப் பகுதியிலிருந்து வந்த சாலியர் குடும்பங்கள் வளர்த்த தொழில் இது. 2009-ல் புவிசார் குறியீடு பெற்றது. நூல் நனையாமலிருக்க மழைநாளில் ஜன்னலை அடைத்தால் கூடத்துக்குள் காற்று தேங்கும். மழை விடும்போதெல்லாம் எதிரெதிர் ஜன்னல்கள் இரண்டைப் பத்து நிமிடமாவது திறந்து வையுங்கள். முந்திரி ஆலை, தையல் கூடம், ஜவுளிக்கடை குடோன் எல்லாவற்றுக்கும் இது பொருந்தும்.

தண்ணீர் குடிக்க ஆளுக்கொரு பாட்டில் வேண்டும்; பொதுச் செம்பு வேண்டாம். இருமல் வந்தால் உள்ளங்கையில் இருமாமல் முழங்கை மடிப்பில் இருமுங்கள். ஸ்டீல், பிளாஸ்டிக் பரப்புகளில் இந்த வைரஸ் 24 முதல் 48 மணி நேரம்வரை உயிரோடிருக்கும். எனவே பஸ் கம்பி, கல்லாப்பெட்டி, பில் போடும் இயந்திரம் தொட்ட கையால் முகத்தைத் தொடாதீர்கள். சாப்பாட்டுக்கு முன் சோப்புப் போட்டு 20 விநாடி கழுவுங்கள்.

காய்ச்சல் கண்ட அன்று

விடிந்ததும் முதல் வேலை, தகவல் சொல்வது. சொல்லாமல் நின்றால்தான் வேலைக்கு ஆபத்து. இப்படி ஒரு வாட்ஸ்அப் போதும்:

“அண்ணாச்சி, ராத்திரியிலிருந்து காய்ச்சலும் இருமலும். வந்தா மத்தவங்களுக்கும் ஒட்டும். மூணு நாள் வீட்டில இருக்கேன். அளவு நோட்டு சைட்டுலேயே இருக்கு, வேலையைக் கையாளிடம் சொல்லிட்டேன். மூணாம் நாள் சாயங்காலம் கூப்பிடுறேன்.”

மேற்பார்வையாளர் மலையாளி என்றால் அண்ணாச்சிக்குப் பதில் சேட்டா, சேச்சி; செய்தி இதுவேதான்.

பிறகு ஓய்வு, கஞ்சி, நிறையத் தண்ணீர். காய்ச்சலுக்குப் பாரசிட்டமால் மட்டும். பெரியவர்களுக்கு 24 மணி நேரத்தில் 4 கிராமுக்கு மேல் ஒருபோதும் கூடாது. ஆஸ்பிரின், ஐபுபுரூஃபன் தொடாதீர்கள். டெங்குவாக இருந்தால் ரத்தக்கசிவைக் கூட்டும். ஆன்டிபயாட்டிக் கேட்டு மருந்துக்கடைக்குப் போகாதீர்கள். அது பாக்டீரியாவுக்கான மருந்து. ஃப்ளூ வைரஸை ஒன்றும் செய்யாது. சீட்டில்லாமல் அதை விற்பதைத் தடுக்கவே கேரள அரசு 2024-ல் ‘ஆபரேஷன் அம்ருத்’ என்ற சோதனையைத் தொடங்கியது.

மாத்திரை இல்லாமலே 24 மணி நேரம் காய்ச்சல் வராமலிருந்தால் வேலைக்குத் திரும்பலாம். இருமல் நிற்கும்வரை முகக்கவசம் போடுங்கள்.

ஃப்ளூதானா என்று பாருங்கள்

இந்த மண்ணில் மழைக்காலக் காய்ச்சலை எல்லாம் ஃப்ளூ என்று விட்டுவிட முடியாது. ஃப்ளூவில் காய்ச்சலோடு இருமல், தொண்டைவலி, மூக்கொழுகல் இருக்கும். சளியோ இருமலோ இல்லாமல் கடும் காய்ச்சலும் கண்ணுக்குப் பின்னால் வலியும் இருந்தால் டெங்குவாக இருக்கலாம். கெண்டைக்கால் தசை வலியும் கண் சிவப்பும் சேர்ந்தால் எலிக்காய்ச்சலோ என்று சந்தேகிக்க வேண்டும். வாய்க்கால் வெட்டும் தொழிலுறப்பு (வேலை உறுதித் திட்டப்) பணியாளர்கள், வயலிலும் தேங்கிய நீரிலும் இறங்குபவர்கள் அந்த வேலை விவரத்தை டாக்டரிடம் தவறாமல் சொல்லுங்கள். எலிக்காய்ச்சலைத் தடுக்க இவர்களுக்கு டாக்ஸிசைக்ளின் 200 மில்லிகிராம் வாரம் ஒரு முறை சுகாதாரத் துறை தருகிறது. ஆஷா பணியாளரிடம் கேளுங்கள்.

எப்போது ஆஸ்பத்திரி?

மத்திய சுகாதாரத் துறை எச்1என்1 நோயாளிகளை ஏ, பி, சி என்று பிரிக்கிறது. அதை நீங்களும் தெரிந்து வையுங்கள்.

ஏ: லேசான காய்ச்சல், இருமல், தொண்டைவலி. வீட்டிலிருந்தால் போதும், 24 முதல் 48 மணி நேரத்தில் மறுபடி பார்க்க வேண்டும்.

பி: கடும் காய்ச்சல், கடும் தொண்டைவலி. அல்லது லேசான காய்ச்சல்தான், ஆனால் நோயாளி சிறு குழந்தை, கர்ப்பிணி, முதியவர், நாள்பட்ட நோய் உள்ளவர். உடனே டாக்டரைப் பாருங்கள். ஓசெல்டாமிவிர் மருந்து தேவையா என்று அவர் முடிவு செய்வார். காய்ச்சல் கண்ட 48 மணி நேரத்துக்குள் தொடங்கினால்தான் அதன் முழுப் பலன்.

சி: மூச்சுத்திணறல், நெஞ்சுவலி, மயக்கம், சளியில் ரத்தம், நகம் நீலமாவது. ஒரு நிமிடம்கூடத் தாமதிக்காமல் ஆஸ்பத்திரியில் சேர்க்க வேண்டும்.

பாறசாலை தாலுகா ஆஸ்பத்திரியும் நெய்யாற்றின்கரை ஜெனரல் ஆஸ்பத்திரியும் பக்கத்தில் உள்ளன. குடும்ப ஆரோக்கிய மையங்களில் மாலையிலும் ஓ.பி. உண்டு. சந்தேகம் கேட்கக் கேரளத்தில் திஷா 1056, தமிழ்நாட்டில் 104.

விடுப்பு உங்கள் உரிமை

கடை, வணிக நிறுவன ஊழியர்களுக்குக் கேரளச் சட்டமும் தமிழ்நாட்டுச் சட்டமும் ஆண்டுக்கு 12 நாள்வரை சம்பளத்துடன் நோய் விடுப்பு தருகின்றன. எல்லையின் எந்தப் பக்கம் வேலை செய்தாலும் இதைக் கேட்கலாம்.

பொதுவாக 10 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனத்தில், மாதம் 21,000 ரூபாய்க்குள் சம்பளம் வாங்குபவர் இ.எஸ்.ஐ. காப்பீட்டில் இருக்க வேண்டும். ஆறு மாதப் பங்களிப்புக் காலத்தில் 78 நாள் பங்களிப்பு கட்டியிருந்தால், நோய்க்காலத்தில் சராசரிக் கூலியில் 70 சதவீதம், ஆண்டுக்கு 91 நாள்வரை கிடைக்கும். முதல் 2 நாளுக்குப் பணம் வராது. அந்த நாள்களை நிறுவன விடுப்பில் எப்படிச் சேர்ப்பார்கள் என்று இப்போதே கேட்டு வையுங்கள். இ.எஸ்.ஐ. டாக்டர் தரும் சான்றிதழும் ஓ.பி. சீட்டும் தேதியோடு இருக்க வேண்டும். வாங்கியதும் போனில் படம் எடுத்து வையுங்கள்.

முதலாளிகளுக்கு

காய்ச்சல்காரரைத் திருப்பி அனுப்பினால் ஒருவர் வேலைதான் நிற்கும். உள்ளே விட்டால் அஞ்சு பேர் வேலை நிற்கும். “வராவிட்டால் ஆளை மாற்றிவிடுவேன்” என்று சொல்லும் இடத்தில் எல்லோரும் காய்ச்சலை மறைத்துக்கொண்டுதான் வருவார்கள். மூன்று நாளில் ஒரு நாள் கூலியையாவது கொடுங்கள். பத்துப் பேருக்கு மொத்தமாகத் தடுப்பூசிக்கு ஏற்பாடு செய்ய முடியுமா என்று பக்கத்து மருத்துவமனையில் விசாரியுங்கள்.

நாள்கூலிக்காரருக்கு உடம்புதான் முதல். கொத்தனார் கரண்டியைத் துடைத்து வைப்பதும், நெசவாளி தறியைப் பார்த்துக்கொள்வதும் நாளைய வேலைக்காகத்தான். அதே அக்கறையை உங்கள் நெஞ்சுக்கும் காட்டுங்கள். இந்த வாரமே மாற்று ஆளைப் பேசி முடியுங்கள், விடுப்புக் கணக்கைக் கேளுங்கள், வீட்டுப் பெரியவர்களின் தடுப்பூசிக்கு நாள் குறியுங்கள்.