சிவந்த நிறத்தை நம்பாதீர்கள்

"ஒரு விண்மீன் மண்டலம் சிவந்து தெரிந்தால், அதில் தூசு அதிகம் என்று எழுதிவிடலாமா?" நிறமாலை அளவீட்டில் இறங்கும் மாணவர்கள் முதலில் கேட்கும் கேள்வி இது. எழுதிவிடாதீர்கள். தூசு நீல ஒளியைக் கூடுதலாக மறிப்பதால் இளம் விண்மீன்கள்கூடச் சிவந்து தெரியும். வயதான விண்மீன்களோ இயல்பிலேயே சிவப்பு. நிறத்தை மட்டும் வைத்து இந்த இரண்டையும் பிரிக்க முடியாது. தூசைத் தொடுமுன் ஒளி எப்படி இருந்திருக்கும் என்பது முன்கூட்டியே தெரிந்த ஏதாவது ஒன்று கையில் வேண்டும்.

அதைத் தருவது ஹைட்ரஜன். இளம் விண்மீன்களைச் சுற்றி ஒளிரும் வாயுவில் 6563 ஆங்ஸ்ட்ராமில் எச்-ஆல்பா கோடும், 4861-இல் எச்-பீட்டா கோடும் எழும். வாயு சுமார் 10,000 கெல்வினில் இருந்தால், முதலாவது இரண்டாவதைப் போல 2.86 மடங்கு. வெப்பமும் அடர்த்தியும் கொஞ்சம் மாறினாலும் இந்த எண் பெரிதாக அசையாது. தூசு எச்-பீட்டாவை அதிகம் தின்பதால் விகிதம் ஏறும். எவ்வளவு ஏறியது என்பதே நம் அளவுகோல்.

நம் பால்வெளியின் தூசும் வழியில் நிற்கிறது. அதை முதலில் நீக்குங்கள், அதுவும் சிவப்புப் பெயர்ச்சியைத் திருத்துவதற்கு முன்பே. அந்தத் தூசு நம்மிடம் வந்து சேரும் அலைநீளத்தில்தான் ஒளியை மறிக்கிறது. ஷ்லேகல், ஃபிங்க்பெய்னர், டேவிஸ் மூவரும் 1998-இல் வெளியிட்ட தூசு வரைபடமும், அதற்கு 2011-இல் வந்த திருத்தமும் இதற்குப் போதும்.

பலரும் சறுக்குவது அடுத்த படியில். விண்மீன்களின் வளிமண்டலம் எச்-பீட்டா இருக்கும் அதே இடத்தில் ஒளியை உட்கவர்ந்து ஒரு பள்ளம் போடுகிறது. வாயுவின் கோடு அந்தப் பள்ளத்துக்குள்ளிருந்துதான் எழுகிறது. ஓர் உதாரணம்: அளந்த விகிதம் 6. எச்-பீட்டாவின் சமான அகலம் (பின்னணி ஒளியோடு ஒப்பிட்ட கோட்டின் வலு) 6 ஆங்ஸ்ட்ராம், அடியிலுள்ள பள்ளம் 2 ஆங்ஸ்ட்ராம். அப்படியானால் உண்மையான கோடு 8, விகிதம் 4.5 தான் (எச்-ஆல்பாவின் சிறு பள்ளத்தை இங்கே விட்டுவிடுகிறேன்). பால்வெளித் தூசின் வழக்கமான வளைவைப் போட்டுப் பாருங்கள். 4.5 என்றால் எச்-ஆல்பா ஒளி ஏறத்தாழ 2.9 மடங்கு குறைந்திருக்கிறது. 6 என்று நம்பியிருந்தால் 5.6 மடங்கு. பள்ளத்தைக் கவனிக்காத ஒரே காரணத்தால், எச்-ஆல்பாவை வைத்துக் கணக்கிடும் அந்த மண்டலத்தின் விண்மீன் பிறப்பு வீதத்தை ஏறக்குறைய இரட்டிப்பாக்கியிருப்பீர்கள். அதனால் விண்மீன் ஒளிக்கு ஒரு மாதிரியைப் பொருத்திக் கழித்த பிறகே கோட்டை அளக்க வேண்டும். இதில் சமரசமே கூடாது. எச்-ஆல்பாவின் இரு பக்கமும் ஒட்டி நிற்கும் நைட்ரஜன் கோடுகளையும் பிரித்தெடுக்க மறவாதீர்கள்.

வாயுவில் கிடைத்த எண்ணை அப்படியே விண்மீன்களுக்குப் பொருத்துவதும் தவறு. இளம் வாயு மேகங்கள் தூசு மண்டிய இடத்திலேயே கிடக்கின்றன, மூத்த விண்மீன்கள் விலகி வந்துவிடுகின்றன. விண்மீன்கள் மிக வேகமாகப் பிறக்கும் மண்டலங்களை ஆராய்ந்த கால்செட்டி குழு, விண்மீன் ஒளியின் சிவப்பேற்றம் வாயுவினுடையதில் சுமார் 0.44 பங்குதான் என்று கண்டது. அது ஒரு சராசரி. உங்கள் மண்டலத்துக்கு அது பொருந்துகிறதா என்று சோதித்துவிட்டே எடுத்தாளுங்கள்.

எனக்கு மிக முக்கியமாகப் படுவது வேறொன்று. தூசு எப்போதும் ஜன்னல் திரைபோல முன்னால் தொங்குவதில்லை. விண்மீன்களோடு கலந்தும் கிடக்கும். அப்போது ஆழத்தில் உள்ளவை அடியோடு மறைந்து, மேலோட்டமாக இருப்பவற்றின் ஒளி மட்டுமே நம்மை எட்டும். விகிதம் ஓரளவுக்கு மேல் ஏறவே ஏறாது. ஆர்ப் 220 என்ற விண்மீன் மண்டலம் அப்படிப்பட்டது. அதன் அகச்சிவப்பு ஒளி லட்சம் கோடி சூரியன்களை மிஞ்சும், கண்ணுறு ஒளியிலோ அதில் சொற்பமே தெரியும். அங்கே எச்-ஆல்பாவை எவ்வளவு கவனமாகத் திருத்தினாலும் புதைந்து கிடப்பது வெளிவராது. தூசு விழுங்கிய ஒளி அகச்சிவப்பாகத் திரும்பி வருவதால், அதை நேரடியாக அளந்து புற ஊதாவோடு சேர்த்துக் கூட்டுங்கள். இரண்டு வழியிலும் வரும் விண்மீன் பிறப்பு வீதம் ஒத்துப்போகவில்லை என்றால் சராசரி எடுக்காதீர்கள். தூசு குறைவாகவே மறிக்கும், 1.87 மைக்ரானில் உள்ள ஹைட்ரஜனின் பாஷன்-ஆல்பா கோட்டை அளந்து, எச்-ஆல்பா எவ்வளவைத் தவறவிட்டது என்று பாருங்கள்.