இடுப்பில் அரைக் கிலோ

சப்ரகமுவவில் கைத்துப்பாக்கி வாங்கலாமா என்று விசாரிப்பவர்கள் பெரும்பாலும் மூன்று வகையினர். கல்லைக் காகிதத்தில் மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டு இரத்தினபுரிக்கும் பேருவளைக்கும் போய்வரும் கல் வியாபாரி ஒருவர். சம்பளப் பணத்தோடு டவுனிலிருந்து மலையேறும் தோட்டத்து உத்தியோகத்தர் இன்னொருவர். மூன்றாமவர் பலாங்கொடை, தெரணியகல பக்கம் சொந்தத்தில் பத்துப் பதினைந்து ஏக்கர் வைத்துக்கொண்டு பங்களாவில் தனியே படுப்பவர். நாலாவது ஆளும் உண்டு. லயத்துக்குப் பின்னால் மரவள்ளி நட்டுவிட்டு இரவெல்லாம் பன்றிக்காக விழித்திருக்கும் அவர் யாரிடமும் எதையும் விசாரிப்பதில்லை. முதல் மூவருக்கும் சேர்த்துச் சொல்வதைவிட அவருக்குச் சொல்ல வேண்டியதுதான் அதிகம்.

முதலில் ரிவோல்வர். இப்போது கைபேசியில் அடிக்கடி வந்து விழுவது இந்தியாவின் ‘பிரபல்’. கான்பூரில் உள்ள அரச ஆயுதக் கம்பனி 2023 ஆகஸ்ட் 18இல் வெளியிட்டது. .32 ரகம், 76 மில்லிமீற்றர் குழல், தோட்டா இல்லாமல் ஏறக்குறைய 700 கிராம். தோட்டா உருளை பக்கவாட்டில் திறப்பதால், குழலை மடித்துத் தோட்டா போடும் பழைய வேலை இதில் இல்லை. அதற்கு முன் 2014இல் வந்தது ‘நிர்பீக்’. டில்லியில் 2012 டிசெம்பரில் பஸ்ஸில் நடந்த கொடுமைக்குப் பிறகு, பெண்கள் கைப்பையில் வைத்துக்கொள்ளட்டும் என்று டைட்டானியக் கலவையில் செய்தார்கள். அதுவும் .32தான், 500 கிராம். அன்றைய விலை ஒரு லட்சத்து இருபத்திரண்டாயிரம் இந்திய ரூபாய்க்கு மேல். எந்தப் பெண்ணின் கைப்பைக்கு இந்த விலையைக் கணக்கிட்டார்களோ! இஷாப்பூரில் செய்த ‘நிடர்’ இன்னும் மெலிந்தது: .22 ரகம், கால் கிலோ அளவு. அமெரிக்கர்கள் 1950களிலேயே அலுமினியச் சட்டகத்துக்குப் போய்விட்டார்கள். 2009இல் வந்த ரூகர் எல்.சி.ஆர். ரிவோல்வர் .38 தோட்டாவைச் சுட்டும் 400 கிராமைத் தொடவில்லை.

விளம்பரம் எடையைத்தான் முன்னால் நிறுத்தும். இடுப்பில் நாள் முழுக்கச் சுமப்பவருக்கு இருநூறு கிராம் பெரிய வித்தியாசம்தான், மறுக்கவில்லை. ஆனால் சுமக்கும்போது குறைந்த பாரம் சுடும்போது கைக்குத் திரும்பி வரும். ஒரே தோட்டாவை 700 கிராம் துப்பாக்கியிலும் 500 கிராம் துப்பாக்கியிலும் சுட்டால், இரண்டாவது சுமார் 1.4 மடங்கு வேகத்தில் பின்னால் உதைக்கும். அந்த உதைக்குப் பயந்தவர் அடுத்த தடவை விசையை இழுக்கும்போதே மணிக்கட்டை அசைத்துவிடுவார். குழலும் குட்டையாக இருந்தால் குறி எங்கோ போகும். பிரபல் 50 மீற்றர் பாயும் என்கிறார்கள். தோட்டா பாயும், சரி. பதறிய கையில் அந்தத் தூரத்தில் எதையும் பிடிக்க முடியாது. தற்காப்பு என்று வரும்போது எதிராளி நாலைந்து எட்டுத் தூரத்தில்தான் நிற்பான்.

ஆகவே தெரிவு செய்யும் நிலை உண்மையிலேயே வந்தால், மிக இலேசானதை விட்டுவிடுங்கள். 600க்கும் 700க்கும் இடைப்பட்ட ஒன்றே நடுத்தரக் கைக்குப் பொருந்தும். .22ஐ வெறும் எடைக்காக எடுப்பது வீண்செலவு. .32 தோட்டாவின் வலு 9 மில்லிமீற்றர் தோட்டாவின் பாதியைக்கூடத் தொடாது. இந்தியாவில் அது பரவலாக இருப்பதற்குக் காரணம் அதன் திறமை அல்ல. 9 மில்லிமீற்றரும் .38உம் அங்கே பொதுமக்களுக்குத் தடை செய்யப்பட்ட ரகங்கள், மிஞ்சியவற்றில் எளிதில் கிடைப்பது இதுதான்.

எங்கள் பக்கத்துக்கென்று தனிப் பிரச்சினை ஒன்று உண்டு: ஈரம். இரத்தினபுரி மழையில் கத்தரிக்கோலே ஒரு மாதத்தில் சிவந்துபோகும். அலுமினியச் சட்டகம் துருப்பிடிக்காதுதான், ஆனால் அதில் பொருத்திய குழலும் உருளையும் பெரும்பாலும் உருக்கு. தோல் உறை வேர்வையையும் மழையையும் குடித்துவிட்டுத் துப்பாக்கியை அதிலேயே ஊறவைக்கும். கறுப்புப் பூச்சுள்ளதைவிடத் துருவேறா உருக்கு நல்லது. தோல் உறைக்குப் பதில் பிளாஸ்டிக் உறை நல்லது. ஈரத்தில் பழசான தோட்டாவை நம்பாதீர்கள்.

இவ்வளவும் சொல்லிவிட்டு ஒன்றைச் சொல்லாமல் விட்டால் தவறாகிவிடும். பிரபலோ நிர்பீக்கோ இங்கே கடையில் பார்த்து வாங்கிவரும் சாமான் அல்ல. அவை இந்தியாவின் 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி அனுமதி பெற்றவர்களுக்கு விற்கப்படுகிறவை. இலங்கையில் 1916ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கத் துப்பாக்கிக் கட்டளைச் சட்டம்தான் இன்றைக்கும் அடிப்படை. கைத்துப்பாக்கி தற்பாதுகாப்புக்கு என்றால் பாதுகாப்பு அமைச்சுக்குப் போக வேண்டும். உங்கள் உயிருக்கு ஆபத்து உண்டு என்று அவர்கள் ஒத்துக்கொள்ள வேண்டும். பயிர்ப் பாதுகாப்புத் துவக்கு என்றால் மாவட்டச் செயலகம். எதுவானாலும் அனுமதி டிசெம்பர் 31உடன் முடியும், வருடா வருடம் புதுப்பிக்க வேண்டும். ஒரு வருடம் மறந்தால் அடுத்த நாள் நீங்கள் அனுமதியில்லாத ஆயுதம் வைத்திருப்பவர். கொடுத்ததைத் திரும்பக் கேட்பதும் உண்டு. 2024 நவம்பரில், தற்பாதுகாப்புக்கென்று கொடுத்த துப்பாக்கிகளை எல்லாம் மீளாய்வுக்காக வெலிசறையில் உள்ள கடற்படைப் பிரிவில் ஒப்படைக்கும்படி அமைச்சு அறிவித்தது. லட்சக்கணக்கில் செலவழித்து வாங்குகிறவர் இதையும் விலையோடு சேர்த்துக் கணக்குப் பார்க்கட்டும்.

துப்பாக்கி உள்ள வீடு கள்ளனை விரட்டும் என்பது பாதி உண்மை. கேகாலை மாவட்டத்துப் பெரியவர்களைக் கேட்டால் மற்றப் பாதியைச் சொல்வார்கள். 1971 ஏப்ரலில் கிளர்ச்சி மூண்டபோது நாட்டிலேயே அதிகம் கலங்கிய பகுதிகளில் கேகாலை ஒன்று. கிளர்ச்சிக்காரர்கள் வீடுவீடாகப் போய் எடுத்தது இந்த அனுமதித் துவக்குகளைத்தான். 1988, 89இலும் அதுவே நடந்தது. யார் வீட்டில் துவக்கு இருக்கிறது என்று ஊருக்கே தெரியும். ஒளித்து வைக்கும் ரிவோல்வரும் அப்படித்தான். சமையல்காரருக்குத் தெரிந்தால் சந்திக்குத் தெரியும்.

தெரணியகல நூரித் தோட்டத்துப் பெரிய துரை 2013 ஜூலையில் கொல்லப்பட்டதை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். அவரைத் தாக்கியவர்கள் ஒருவர் இருவர் அல்லர், கூட்டம். பிரதேச சபைத் தலைவராக இருந்தவர் உட்படப் பலருக்கு அவிசாவளை மேல் நீதிமன்றம் மரண தண்டனை விதித்தது. அப்படிப்பட்ட பகைக்கு முன்னால் ஒரு ரிவோல்வர் என்ன செய்யும்? கப்பம் கேட்டு மிரட்டுகிறவர்கள் இருந்தால் எழுத்தில் முறைப்பாடு, தோட்டக் கம்பனிக்கு அறிவித்தல், தனியே பயணம் போகாமை, இவைதான் முதலில். சம்பளத்தை வங்கிக் கணக்குக்கு மாற்றிவிட்டால் மலையேறும் பணப்பெட்டியே இல்லாமல் போகும். கல் வியாபாரிக்கு ரிவோல்வரைவிட வாயடக்கம் பெரிய காவல். இன்றைக்குப் போகிறேன் என்று டீக்கடையில் சொல்லிவிட்டுப் போகிறவரைத் துப்பாக்கி காப்பாற்றாது. பங்களாக்காரருக்கு இரண்டு நாயும் வாசலில் ஒரு விளக்கும் போதும், காவலுக்கு ஓர் ஆள் இருந்தால் இன்னும் நல்லது.

இனி நாலாவது ஆள்.

இவருக்கு எதிரி காட்டுப்பன்றி, சில இடங்களில் முள்ளம்பன்றி, பகலில் குரங்கு. சிங்கராஜாவை ஒட்டிய றக்வானை, கலவானைப் பக்கங்களில் காட்டில் மிஞ்சிய ஓரிரண்டு யானையும் இறங்கும். பன்றிக்கு முன்னால் கைத்துப்பாக்கி விளையாட்டுச் சாமான். காயம்பட்ட பன்றி ஓடாமல் ஆள்மேல் வரக்கூடும். பன்றிக்கு வேண்டியது பன்னிரண்டு போர் ஒற்றைக் குழல் துவக்கும் எஸ்.ஜி. தோட்டாவும்தான். அதிலும் முப்பது நாற்பது மீற்றருக்குள், பின்னால் மண்மேடு இருக்கும் திசையில் மட்டும். சரிவான மலையில் கீழே லயம் இருந்தால் அந்தப் பக்கம் சுடவே கூடாது. தவறிய குண்டு எந்தக் காம்பராவின் தகரத்தில் விழும் என்று யாருக்கும் தெரியாது.

ஆனால் பயிர்ப் பாதுகாப்புத் துவக்கு கேட்பவரிடம் முதலில் கேட்பது காணியைத்தான். எந்தக் காணி, யார் பெயரில்? சிற்றுடைமைக்காரர் உறுதியை நீட்டுவார். லயத்துக்காரரின் மரவள்ளித் துண்டு கம்பனிக்கோ அரசுக்கோ சொந்தமானது. இருநூறு வருடத்துக்குக் கிட்டவாக மலையைத் திருத்தியவர்களின் பேரப்பிள்ளைகளுக்கு ஏழு பேர்ச் காணியே இன்னும் முழுதாகக் கைக்கு வரவில்லை. அந்த ஏழு பேர்ச்சைக் காட்டித் துவக்கு கேட்டால் சிரிப்பார்கள். ஆக, வழிகாட்டிகள் வரிசைப்படுத்தும் தெரிவுகளில் பாதி இவருக்குத் தொடக்கத்திலேயே மூடிக் கிடக்கின்றன. மிஞ்சுவது சுருக்குக் கம்பி, கால் பட்டால் வெடிக்கும் கட்டுத்துவக்கு, கடித்தால் வாயில் வெடிக்கும் ஹக்கபட்டாஸ், வீட்டு மின்சாரத்தை இழுத்துக் கட்டிய கம்பி.

நாலும் சட்டவிரோதம் என்பது ஒரு பக்கம். நாலுக்கும் கண் கிடையாது என்பதுதான் பெரிய பக்கம். சிவனொளிபாத மலைக்கு அந்தப் புறம், நல்லதண்ணி லக்சபான தோட்டத்தில் 2020 மே 26இல் சுருக்கில் மாட்டியது அபூர்வமான கருஞ்சிறுத்தை. மூன்று நாளில் உடவளவையில் செத்துப்போனது. நாடே அழுதது. அந்தச் சுருக்கு சிறுத்தைக்கு வைத்ததாக இருக்காது, இப்படிச் சுருக்கு வைப்பது பன்றிக்காகத்தான். கட்டுத்துவக்கு வைத்தவனுக்குத் தெரியும் அது எங்கே இருக்கிறது என்று. விடியுமுன் ஹெட்லைட்டோடு பால் வெட்டப் போகிற பெண்ணுக்குத் தெரியாது. வீட்டு மின்சாரக் கம்பி பன்றியைக் கொல்லும், மாட்டைக் கொல்லும், விளையாடப் போன பிள்ளையையும் கொல்லும். காற்றுத் துப்பாக்கிக்கு அனுமதி வேண்டாம் என்று யாராவது சொன்னால் அதையும் நம்பி வாங்கிவிடாதீர்கள், பொலிஸில் கேட்டுவிட்டு வாங்குங்கள்.

என் தெரிவு பற்றரியில் ஓடும் துடிப்பு மின்வேலி. இதற்கென்று செய்த கருவி நொடிக்கு ஒருதரம் அளவில் சின்னத் துடிப்பாக மின்சாரத்தை விடும். தொட்டால் சுண்டி எறியும், உயிரை எடுக்காது. பன்றி மூக்கால் நிலத்தைக் கிளறி வரும் மிருகம், ஆகவே கீழ்க் கம்பி தரையிலிருந்து ஒரு சாணுக்குள் இருக்க வேண்டும், அதற்கு மேல் இன்னும் இரண்டு கம்பி. ஒரு குடும்பத்துக்குக் கருவியின் விலை தாங்காது. ஆனால் ஒரு கருவி பல துண்டுக் காணிகளைச் சுற்றிவர ஓடும், ஒரு லய வரிசையே சேர்ந்து வாங்கலாம். கம்பனி நிலம் என்பதால் தோட்ட நிர்வாகத்திடம் எழுத்தில் அனுமதி வாங்குங்கள். அதை மாதர் சங்கமோ கோவில் கமிட்டியோ போய்க் கேட்டால் ஒருவர் தனியே கேட்பதைவிட வேகமாக நடக்கும்.

குரங்குக்கு இந்த வேலி செல்லாது, மரத்தின் மேலாக வந்துவிடும். 2025 மார்ச் 15 காலை எட்டு மணிக்கு நாடு முழுக்க ஐந்து நிமிடம் குரங்கையும் மயிலையும் எண்ணச் சொன்னார்கள். எண்ணினோம். குரங்கு இன்னும் வருகிறது. ஆள் காவலும் நாயும் கவணும்தான் இப்போதைக்கு அதற்கு. யானை இறங்கும் இடமானால் வேலியையும் வீரத்தையும் விட்டுவிட்டு வனஜீவராசிகள் அலுவலகத்துக்குச் சொல்லுங்கள், யானை வெடி அவர்களிடம் உண்டு.

மின்வேலி பெரும்பாலும் படுத்துவிடுவது கருவி கெட்டல்ல, புல்லால்தான். மழைக்காலத்தில் பத்து நாளில் புல் வளர்ந்து கீழ்க் கம்பியைத் தொடும், தொட்டதும் மின்சாரம் மண்ணுக்குள் போய்விடும், பன்றி அதை ஒரே இரவில் கண்டுபிடித்துவிடும். ஆகவே கம்பி வாங்கக் காசு சேர்ப்பதற்கு முன்பே, எந்த வாரம் எந்த வீட்டார் புல் வெட்டுவது என்று பேசி எழுதிக்கொள்ளுங்கள்.