முதிய குதிரைக்கு உணவிடுதல்

கொல்லாமை அணுவிரதத்தின் அதிசாரங்கள் ஐந்தனுள் அன்னபான நிரோதமும் ஒன்று. பட்டினியிடுதல் மட்டுமன்று, உண்ண இயலாததை இடுதலும் அதன்பாற்படும் என்பது எம் கருத்து.

பாண்டிய நாட்டுக் கடற்கரையில் இறங்கிய அரபுக் குதிரைகளுக்கு ஊன் கலந்த சோறிட்டனர் என்றும், அவை பெரிதும் மடிந்தன என்றும் 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் மார்க்கோ போலோ எழுதினார். புல்லுண்ணும் உயிருக்குப் புலால்!

இராமேசுவரத்தில் யாத்திரிகர் வண்டியிழுத்து மூத்த குதிரைக்கு உற்ற குறை வேறு. பல் தேய்ந்தமையால் வைக்கோலை மெல்லமாட்டாது உருட்டி உமிழும். தொட்டி நிறைந்திருக்கவே உடல் மெலியும். நறுக்கி நீரில் நனைத்த புல்லே அதற்கு முதலுணவு. வேகவைத்து மசித்த கொள்ளைச் சிறிதளவே சேர்க்க. குதிரை வாந்தியெடுக்க இயலாத உயிராதலின், பலமுறை சிறுகச் சிறுக இடுக. தவிடு மிகின் எலும்பு நலியும். உவர்நீர் ஊறும் இக்கரையில் நன்னீர்த் தொட்டி ஒருபோதும் வற்றலாகாது.