அழுத்தத்தில் நிற்கும் மூட்டு

மாணவர்களே, ஐந்தாறு பாடநூல்களை அலமாரியில் நிற்பதுபோல் வரிசையாக நிறுத்தி, இரு ஓரங்களிலும் உள்ளங்கைகளை வைத்து அழுத்தித் தூக்குங்கள். நடுவிலுள்ள நூல்களுக்கு அடியில் தாங்கல் ஏதுமில்லை. ஆயினும் அவை விழுவதில்லை. கைகளின் அழுத்தம் உண்டாக்கும் உராய்வு விசையே அவற்றின் எடையைச் சுமக்கிறது. அழுத்தத்தைச் சற்றே தளர்த்தினால் நடு நூல் நழுவும்.

உங்கள் உடலிலும் இவ்வாறு நிற்கும் எலும்பு ஒன்று உண்டு. முதுகெலும்புத் தொடரின் கீழ்ப்பகுதியில் ஆப்பு வடிவில் அமைந்த திரிக எலும்பே அது. இருபுறமும் உள்ள இடுப்பெலும்புகள் அதைக் கவ்விப் பிடிக்கின்றன. தலை, கைகள், உடற்பகுதி ஆகியவற்றின் எடை இவ்விரு மூட்டுகள் வழியாகவே கால்களுக்கு இறங்குகிறது. சிறுவயதில் சமதளமாக உள்ள மூட்டுப் பரப்புகளில், பருவமடைந்தபின் மேடுபள்ளங்கள் தோன்றி ஒன்றோடொன்று பொருந்துகின்றன, உராய்வு கூடுகிறது. இணைப்பு நார்களும், வயிறு, பிட்டம், முதுகு ஆகியவற்றின் தசைகளும் உள்ளங்கைகளின் வேலையைச் செய்கின்றன.

இம்மூட்டு எவ்வளவு அசையும்? 1989-இல் ஸ்வீடன் நாட்டு ஆய்வாளர்கள் 25 நோயாளிகளின் எலும்புகளில் நுண்ணிய டான்டலம் குண்டுகளைப் பதித்து, எக்ஸ்-கதிர்ப் படங்கள் மூலம் அளந்தனர். சராசரிச் சுழற்சி 2.5 டிகிரி, இடப்பெயர்ச்சி 0.7 மில்லிமீட்டர். தோலும் தசையும் மூடிய இடத்தில் இதை விரலால் தடவி அளக்க முடியுமா? "இடுப்பு விலகிவிட்டது, தட்டிச் சேர்க்க வேண்டும்" என்பாரின் பேச்சை ஐயத்துடனேயே கேளுங்கள். 1998-இல் 10 நோயாளிகளைக் கைமுறைச் சிகிச்சைக்கு முன்னும் பின்னும் இதே முறையில் அளந்தபோது, எலும்பின் நிலை மாறியிருக்கவில்லை.

பின் இயன்முறை மருத்துவர் நோயை எப்படிக் கண்டறிகிறார்? மூட்டுக்குப் பல திசைகளில் விசை கொடுத்துப் பார்க்கிறார். மல்லாந்து படுத்தவரின் தொடையைச் செங்குத்தாக நிறுத்தி, முழங்காலிலிருந்து கீழ்நோக்கி அழுத்துவது ஒரு வகை. தொடை எலும்பு உலக்கைபோல் விசையைக் கொண்டு சேர்க்கிறது. நோயாளிக்குப் பழக்கமான அதே வலி எழ வேண்டும். இத்தகைய சோதனைகளில் குறைந்தது மூன்றிலாவது வலி எழுந்தால்தான் இம்மூட்டின்மீது ஐயம் வலுப்பெறும்.

எனக்குப் பிடித்தது வேறொரு சோதனை. மல்லாந்து படுத்து, முழங்காலை மடக்காமல் ஒரு காலை 20 சென்டிமீட்டர் உயர்த்த வேண்டும். எவ்வளவு கடினம் என்பதை நோயாளியே 0 முதல் 5 வரையுள்ள எண்ணால் கூறுவார். ஒரு காலின் எடை உடல் எடையில் ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கு. 60 கிலோ எடையுள்ளவருக்கு 10 கிலோ. இடுப்பு வளைய வலி உள்ளவருக்கோ அது பாறையாய்க் கனக்கும். மருத்துவர் இடுப்பை இருபுறமும் கைகளால் அழுத்திப் பிடித்ததும், பலருக்கு அதே கால் எளிதாக எழுகிறது! காலின் எடை குறையவில்லை. மூட்டின்மீது அழுத்தம் கூடிற்று, அவ்வளவே.

கருவுற்ற பெண்களில் ஏறத்தாழ ஐவரில் ஒருவருக்கு இவ்வலி வருகிறது. இடுப்புப் பட்டை சிலருக்கு உதவும். எவ்வளவு இறுக்க வேண்டும்? 2006-இல் வெளியான நெதர்லாந்து ஆய்வில் 50 நியூட்டன், அதாவது சுமார் 5 கிலோ எடைக்கு ஈடான இழுவிசையே போதுமானதாக இருந்தது. 100 நியூட்டனாக உயர்த்தியும் மூட்டின் தளர்ச்சி மேலும் குறையவில்லை. ஆனால் பட்டை தசையை வலுப்படுத்தாது. அதற்குப் பயிற்சி வேண்டும். 2004-இல் வெளியான நார்வே ஆய்வில், பிரசவத்துக்குப்பின் இவ்வலியுற்ற 81 பெண்கள் இரு குழுக்களாக 20 வாரம் சிகிச்சை பெற்றனர். இடுப்பை நிலைப்படுத்தும் தசைப்பயிற்சி செய்த குழுவினருக்கு வலி மற்ற குழுவைவிடக் குறைந்தது. ஓராண்டுக்குப் பின்னும் அப்பயன் நீடித்தது.

ஒன்று மட்டும் வேறு. இளவயதினருக்கு மூன்று மாதங்களுக்கு மேலாக இடுப்பில் வலி, ஓய்வில் கூடி நடமாட்டத்தில் குறைந்தால், காலையில் நெடுநேரம் விறைப்பும் இருந்தால், அது மூட்டு அழற்சியாக இருக்கலாம். அதைப் பட்டையால் தீர்க்க முடியாது; இரத்தப் பரிசோதனையும் படமும் எடுத்து மருந்து தரும் மருத்துவரிடம் செல்ல வேண்டும்.