உயரம் கூட்டும் முன்

கண்ணு, ஜிம்னி வண்டி வீட்டுக்கு வந்த மறுநாளே, "எத்தனை அங்குலம் தூக்கலாம் மாமா?" என்று கேட்டுவிட்டாய். மலைப்பாதைக்கென்று வண்டி வாங்குகிற எல்லாரும் முதலில் கேட்பது அதைத்தான். ஜீப்புக்கும் ஜிப்சிக்கும் அடியில் படுத்தே எனக்குத் தலை நரைத்துவிட்டது. சஸ்பென்ஷன் விஷயத்தில் தப்பே செய்யாத வண்டிக்காரனை நான் பார்த்ததில்லை. அவர்கள் பட்டதையெல்லாம் நீயும் பட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும் என்பதில்லை. மெதுவாகப் படி. மகிந்திரா தார் வைத்திருக்கும் உன் சிநேகிதனுக்கும் காட்டு.

1. ஒரு மழைக்காலம் முழுக்க வண்டியை வந்தபடியே ஓட்டு. 210 மி.மீ. தரை இடைவெளி, லோ கியர், இரண்டு பக்கமும் முழு அச்சு என்று கம்பெனி உனக்குக் கொடுத்திருப்பது கொஞ்சமல்ல. சூரியநெல்லியிலிருந்து கொழுக்குமலைக்கு ஏறும் ஜீப்புகளைப் போய்ப் பார். பாதை முழுக்கக் கல். அதில் பட்டை ஸ்பிரிங் போட்ட பழைய மகிந்திரா வண்டிகள் விடியும் முன்பே ஆட்களை ஏற்றிக்கொண்டு போகின்றன. ஒருமுறை மழைக்குப் பிறகு அங்கே ஒரு டிரைவர் என்ன செய்தார் என்று பார்த்துக்கொண்டிருந்தேன். பாதை அரித்துப் போயிருந்த இடத்தில் வண்டியை நிறுத்தி இறங்கினார். நடந்துபோய்ப் பார்த்தார். இரண்டு கல்லை எடுத்துப் பள்ளத்தில் போட்டார். பிறகு எந்தச் சக்கரம் எந்தக் கல்மேல் ஏற வேண்டும் என்று முடிவு செய்துகொண்டு, ஆக்சிலேட்டரைத் தொடாத மாதிரியே ஏறிப் போய்விட்டார். அந்த நிதானம் உனக்கு வந்த பிறகு, வண்டியைத் தூக்கும் லிஃப்ட் கிட் வாங்கலாம். முதலிலேயே உயரத்தைக் கூட்டிவிட்டால் வண்டி உன் தவறுகளை மறைத்துவிடும், நீ ஓட்டக் கற்கமாட்டாய்.

2. வண்டியின் அடியில் இருக்கும் கீறல்களைப் படித்துப் பார். எதை வாங்க வேண்டும் என்று கடைக்காரரைவிட அவை சரியாகச் சொல்லும். ஒவ்வொரு பயணம் முடிந்ததும் கழுவி, டார்ச் அடித்து, புதுக் கீறலைச் சாக்பீஸால் வட்டமிடு. முன் பம்பரின் கீழ் உதடு தேய்ந்திருந்தால் ஏறும் கோணம் போதவில்லை. பம்பர் வடிவத்தை மாற்றினால் தீரும், ஸ்பிரிங் தேவைப்படாது. நடு வயிற்றில், சேஸியிலோ படிக்கட்டின் கீழோ தேய்ந்திருந்தால்தான் மேட்டைக் கடக்கும்போது இடிக்கிறது என்று அர்த்தம். லிஃப்ட் உண்மையாகவே உதவும் இடம் அது. அச்சின் நடுவில் இருக்கும் டிஃபரன்ஷியல் உருண்டையில் கீறல் என்றால் லிஃப்டால் ஒரு பயனும் இல்லை. ஏனென்று அடுத்ததில் சொல்கிறேன். இடிக்கவே இல்லை, ஆனால் ஒரு சக்கரம் அந்தரத்தில் சுற்றி வண்டி நின்றுபோகிறது என்றால், குறை உயரத்தில் இல்லை. சக்கரம் கீழே இறங்குகிற தூரம் போதவில்லை, அல்லது நீ எடுத்த வழி தப்பு. கீறலே இல்லையென்றால் உனக்கு இப்போது கிட் வேண்டாம். அப்படிச் சொல்லி நான் திருப்பி அனுப்பிய பையன்கள் உண்டு. முகம் சுருங்கிப் போனவர்கள், பிறகு நல்ல டயர் வாங்கிக்கொண்டு வந்து நின்றார்கள்.

3. லிஃப்ட் எதைத் தூக்கும், எதைத் தூக்காது என்பதை மனதில் பதிய வை. உன் வண்டியில் ஸ்பிரிங் அச்சின்மேல் உட்கார்ந்திருக்கிறது. நீளமான ஸ்பிரிங் போட்டால் உடம்பு எழும்பும், அச்சு இருந்த இடத்திலேயே இருக்கும். 2 அங்குலக் கிட் சேஸியை 50 மி.மீ. உயர்த்தும், டிஃபரன்ஷியலுக்குக் கீழே ஒரு மி.மீ.கூடச் சேராது. அதை உயர்த்துவது டயர் மட்டும்தான், அதுவும் விட்டம் கூடுவதில் பாதி. உன் வண்டியின் 195/80 ஆர்15 டயரைக் கழற்றி எல்லாரும் ஆசைப்படும் 215/75 ஆர்15 போட்டால் விட்டம் ஏறக்குறைய 10 மி.மீ. கூடும், அச்சுக்கு அடியில் கிடைப்பது 5 மி.மீ. புதிய தாரில் முன்பக்கம் தனித்தனிச் சஸ்பென்ஷன் என்பதால் முன் டிஃபரன்ஷியல் சேஸியோடு சேர்ந்து எழும்பும். பின் அச்சுக்கு உன் வண்டியின் கணக்குத்தான். பாடி லிஃப்ட் என்று சேஸிக்கும் உடம்புக்கும் நடுவில் கட்டை வைப்பார்கள். பெரிய டயருக்கு இடம் கிடைக்கும், சேஸி அப்படியே இருக்கும். அதை நீ தொடாதே.

4. விரலுக்குத் தகுந்த வீக்கம் போதும். 2 அங்குலத்துக்கு மேல் ஆசைப்படாதே. உயரம் கூடினால் அதோடு தொடுத்திருக்கும் எல்லாமே இடம் மாறும். வளைவு முடிந்ததும் ஸ்டியரிங் தானாக நேருக்குத் திரும்புகிறதே, அது கேஸ்டர் கோணத்தால். ஜிம்னியைத் தூக்கினால் முன் அச்சு லேசாகச் சுழன்று அந்தக் கோணம் குறைந்துவிடும். அச்சை இடவலமாக நகரவிடாமல் பிடித்திருக்கும் பேன்ஹார்ட் ராடு அதை ஒரு பக்கமாக இழுத்துவிடும். பிரேக் ஹோஸ் விறைக்கும். ப்ரொப்பெல்லர் ஷாஃப்டின் மடிப்பு கூடி அதிரத் தொடங்கும். தாரில் முன் சக்கரத்துக்குப் போகும் ஷாஃப்டின் ஜாயின்டுகள் சாய்ந்து ஓடி, ரப்பர் பூட் கிழியும். வேறெங்கோ ஸ்பிரிங் மட்டும் மாற்றிக்கொண்டு வால்பாறை போய்த் திரும்பிய ஒரு பையன் பட்டறைக்கு வந்தான். ஆழியாறு பக்கம் 40 கொண்டை ஊசி வளைவு. ஒவ்வொன்றிலும் ஸ்டியரிங்கைக் கையால் இழுத்து நேராக்க வேண்டியிருந்ததாம், சமதளத்தில் வண்டி அலைந்ததாம். கூட வந்த அவன் அம்மா வாசலிலேயே உட்கார்ந்துவிட்டார், இனி அந்த வண்டியில் ஏறமாட்டேன் என்று. கேஸ்டர் திருத்தும் புஷ் போட்டு, அலைன்மென்ட் பார்த்ததும் சரியானது. கிட்டோடு சேர்ந்தே வாங்கியிருக்க வேண்டிய சின்னச் சாமான் அது. அதனால் கடையில் "கிட் எவ்வளவு?" என்று கேட்காதே. கேஸ்டர் புஷ், சரிசெய்யும் வசதியுள்ள பேன்ஹார்ட் ராடு, நீளமான பிரேக் ஹோஸ், பம்ப் ஸ்டாப், கூலி, அலைன்மென்ட் எல்லாம் சேர்த்து எவ்வளவு என்று கேள். அந்தத் தொகை கையில் சேரும்வரை பொறு. கடன் வாங்கிச் செய்யாதே.

5. ஸ்பேசர் மலிவாகக் கிடைக்கும். மயங்காதே. ஸ்பிரிங்குக்கு ஒரு வளையத்தை முட்டுக் கொடுத்து உடம்பை உயர்த்திவிட்டு, ஷாக் அப்சார்பரைப் பழையதாகவே விட்டால், சக்கரம் கீழே இறங்கும் தூரம் அந்த அளவுக்குக் குறையும். பள்ளத்தில் சக்கரம் தரையைத் தொடாது. வேகமாக இறங்கும்போது ஷாக் முழுக்க நீண்டு "டக்" என்று அடிக்கும். உயரமாகத் தெரியும் வண்டி முன்பைவிடச் சீக்கிரம் சிக்கிக்கொள்ளும். ஸ்பிரிங்கும் அதற்குப் பொருத்தமான நீளத்தில் ஷாக்கும் ஒன்றாகத்தான் வர வேண்டும்.

6. என்ன சுமக்கப் போகிறாய் என்பதை உனக்கு நீயே உண்மையாகச் சொல்லிக்கொள். ஆஸ்திரேலியாவின் ஓல்டு மேன் எமு போன்ற நல்ல கம்பெனிகள் ஒரே வண்டிக்கே சுமைக்கு ஏற்றபடி வேறுவேறு ஸ்பிரிங் விற்கின்றன. நீ ஏறக்குறைய 1,200 கிலோ வண்டி வைத்திருக்கிறாய். இரும்பு பம்பரும் விஞ்ச்சும் மாட்டினால் முன்பக்கம் உடனே தாழும், அதற்குக் கனமான ஸ்பிரிங் வேண்டும். ஒன்றும் மாட்டாமல், என்றைக்காவது மாட்டலாம் என்று கனமானதை வாங்கினால், பாரம் ஏற்றாத மாட்டு வண்டி மாதிரி கல்லுக்குக் கல் துள்ளும். துள்ளுகிற சக்கரத்துக்குப் பிடிப்பு ஏது? பெரும்பாலான நாட்கள் நீ தனியாக ஆபீஸ் போகிறாய். மாதம் ஒருநாள் தோட்டத்துக்குப் போகிறாய். அந்த வாழ்க்கைக்கு ஸ்பிரிங் வாங்கு. படத்தில் பார்த்த பயணத்துக்கு வாங்காதே.

7. சட்டத்தைக் கடைக்காரர் சொல்லமாட்டார், நான் சொல்கிறேன். 1988 மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, தயாரிப்பாளர் குறிப்பிட்டு ஆர்.சி.யில் ஏறியிருக்கும் விவரங்கள் மாறும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் அதை உறுதி செய்தது. அதே ஆண்டு திருத்தத்தில், அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதமோ, 6 மாதம் வரை சிறையோ, இரண்டுமோ என்று வந்தது. முன்னால் மாட்டும் புல்பாருக்கு எதிராக மத்திய அரசு 2017 டிசம்பரிலேயே எல்லா மாநிலங்களுக்கும் எழுதிவிட்டது. ஆகவே ஒரு ஆணியைக் கழற்றும் முன்பு ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் கேள், இன்சூரன்ஸ் கம்பெனிக்கு எழுதிப் பதிலை எழுத்தில் வாங்கு, கம்பெனி வாரண்டியில் எது போகும் என்று விசாரி. கூடாது என்றால் விட்டுவிடு. விபத்தில் அடிபட்டவன் குடும்பத்துக்கு இழப்பீடு போய்ச் சேராமல் உன் ஸ்பிரிங் தடையாக நிற்கக் கூடாது. இதில் எனக்கு விட்டுக்கொடுக்கும் மனசே இல்லை, கண்ணு.

8. மாட்டுகிற ஆளைப் பொறுமையைப் பார்த்துத் தேர்ந்தெடு. கழற்றுவதற்கு முன்பு நாலு சக்கரத்திலும் நடுமையத்திலிருந்து மட்கார்ட் விளிம்பு வரை டேப் வைத்து அளந்து எழுதிக்கொள்கிறாரா என்று பார். அதைவிட முக்கியமானது ஒன்று உண்டு. அச்சைப் பிடித்திருக்கும் ஆர்ம்களிலும் ராடுகளிலும் இருக்கும் ரப்பர் புஷ்களின் போல்டை, வண்டி தொங்கிக்கொண்டிருக்கும்போது முழுக்க இறுக்கக் கூடாது. லேசாகப் பிடித்துவிட்டு, வண்டியைத் தரையில் இறக்கி, தன் எடையில் உட்கார்ந்த பிறகுதான் டார்க் ரெஞ்ச் போட வேண்டும். இல்லாவிட்டால் ரப்பர் முறுக்கிக்கொண்டே இருந்து சில மாதத்தில் கிழியும். என்னிடம் வேலை கற்றவர்களில், யாரும் பார்க்காதபோதும் இதைச் செய்தவர்கள்தான் பிறகு சொந்தப் பட்டறை வைத்து நிலைத்தார்கள். உயரம் கூடியதும் ஹெட்லைட் வெளிச்சமும் மேலே போகும். எதிரே வருபவர் கண்ணைப் பறிக்காதபடி அன்றைக்கே இறக்கச் சொல். சில நூறு கிலோமீட்டர் ஓடிய பிறகு எல்லாப் போல்டையும் மறுபடி இறுக்கிப் பார்க்கச் சொல்.

9. தூக்கிய பிறகு அது வேறு வண்டி. ஜிம்னியின் அகலம் 1,645 மி.மீ., உயரம் 1,720 மி.மீ.; பிறவியிலேயே அகலத்தைவிட உயரம் அதிகம். அதற்குமேல் 50 மி.மீ. ஏற்றினால், சாய்வான பாதையிலும் வேகமான வளைவிலும் கவிழும் எல்லை முன்னைவிடப் பக்கத்தில் வரும். மேலே கேரியர் மாட்டி ஜெர்ரி கேன், கூடாரம் என்று அடுக்காதே. கனத்தையெல்லாம் கீழே, அச்சுகளுக்கு நடுவில் வை. பிரேக் பிடிக்கும் தூரத்தைக் காலி மைதானத்தில் திரும்பப் பழகு. வீட்டில் அப்பத்தா இருக்கிறார், அவர் கால் எட்டுமா என்றும் பார்.

10. உயரம் வந்துவிட்டது என்று எங்கே வேண்டுமானாலும் நுழையாதே. முதுமலையும் ஆனைமலையும் புலிகள் காப்பகங்கள். அனுமதியில்லாத தடத்தில் சக்கரம் படக் கூடாது. தோட்டக்காரரிடம் கேட்காமல் அவர் வரப்பைத் தொடாதே. ஓடையைக் கண்டால், ஆழம் தெரியாமல் காலை விடாதே என்று பெரியவர்கள் சொன்னதை அப்படியே செய்: கோலை எடுத்து ஊன்றி அளந்து பார். லிஃப்ட் போட்டாலும் எஞ்சினுக்குக் காற்று போகும் வாய், கம்பெனி வைத்த இடத்திலிருந்து அந்த 2 அங்குலம்தான் மேலே போயிருக்கிறது. மணலிலும் சேற்றிலும் டயர் காற்றை 18, 20 பி.எஸ்.ஐ. வரை இறக்கினால் கிடைக்கும் பிடிப்பு எந்தக் கிட்டிலும் கிடைக்காது. அதற்குக் காசும் செலவில்லை. காற்று அடிக்கும் கம்ப்ரசரைக் கூடவே வைத்திரு, தார்ச்சாலை ஏறும் முன் திரும்ப நிரப்பு.

11. கழற்றிய பழைய ஸ்பிரிங்கையும் ஷாக்கையும் எடைக்குப் போட்டுவிடாதே. வண்டி கைமாறும் நாளிலோ, ஆர்.டி.ஓ. கேட்கும் நாளிலோ, புதியது உனக்கு ஒத்துவராதபோதோ அவை வேண்டும். துடைத்து, ஸ்பிரிங்கில் எண்ணெய் தடவி, எது முன், எது பின், எது வலது, எது இடது என்று பெயின்டால் எழுது. ஷாக்கை நிமிர்த்தி நிற்க வை. போல்டுகளைத் தனி டப்பாவில் போட்டு, அளவெடுத்த காகிதத்தையும் அதிலேயே மடித்து வை. இடம் இல்லையென்றால் என் பட்டறைப் பரண் காலியாகத்தான் கிடக்கிறது, கொண்டுவந்து வை.