கொல்லையும் காடும்

கள்ளக்குறிச்சிக்கு மேற்கே உயர்ந்து நிற்பது கல்வராயன் மலை. கிழக்குத் தொடர்ச்சி மலையைச் சேர்ந்த அம்மலையில் பிறக்கும் கோமுகி ஆறு, கள்ளக்குறிச்சிப் பகுதியை வளம்படுத்துகின்றது. மலையின் கீழ்ப்பக்கம் பண்டு நடுநாடு எனப் பெயர் பெற்றது. மேற்பக்கம் சேலம் மாவட்டத்தைச் சார்ந்தது. இரு பக்கத்தாரும் பேசுவது தமிழே. இரு பக்கத்தாரும் போற்றுவது உழவே. ஆயினும், விடியற்காலையில் ஏர் கொண்டு புறப்படும் உழவன் கீழ்ப்பக்கத்தில், 'கொல்லைக்குப் போகிறேன்' என்பான். மேற்பக்கத்தில், 'காட்டுக்குப் போகிறேன்' என்பான். இருவரும் செல்வது புன்செய் நிலத்திற்கே ஆகும்.

இவ்விரு சொற்களும் வேற்றூர்க்குச் சென்றால் வேறு பொருள் தருகின்றன. தஞ்சைப் பகுதியில் கொல்லை என்பது வீட்டின் பின்புறம். அங்கே 'கொல்லைக்குப் போதல்' என்பது இடக்கரடக்கலாகவும் வழங்கும். ஆதலின் கள்ளக்குறிச்சி உழவர் ஒருவர் அங்குச் சென்று, 'நேற்றுக் காலை முதல் மாலை வரை கொல்லையிலேயே இருந்தேன்' என்று கூறினால், கேட்போர் நகைக்கவும் கூடும். அவர் உடல்நலம் குறித்துக் கவலை கொள்ளவும் கூடும். அவ்வாறே சேலத்து உழவர் சென்னையில், 'எனக்கு ஐந்து ஏக்கர் காடு உண்டு' என்றால், மரம் அடர்ந்து விலங்குகள் உலவும் அடவி என்றே நகரத்தார் எண்ணுவர்.

இவற்றுள் எது பிழை? எதுவும் பிழையன்று. கொல்லை என்னும் சொல் பண்டை இலக்கியங்களில் முல்லை நிலத்துப் புனத்தைக் குறித்தது. வானம் பார்த்த பூமியாகிய நடுநாட்டில் அப்பொருள் இன்றளவும் அழியாது நிலைத்துள்ளது. காவிரி நீர் பாயும் தஞ்சையிலோ எங்கும் நன்செய். நீர் பாயாத மேட்டு நிலமாக எஞ்சியது பெரும்பாலும் வீட்டை ஒட்டிய நிலமே. ஆகவே அங்கே கொல்லை வீட்டுப் பின்புறமாகச் சுருங்கியது போலும். காட்டைத் திருத்தி விளைநிலமாக்கிய மக்கள், திருத்திய பின்னரும் அதனைக் காடென்றே அழைத்தனர். நிலத்தின் இயல்பும் மக்களின் தொழிலுமே சொல்லின் பொருளை வரையறுக்கின்றன என்பது இதனால் விளங்கும்.

நீர்நிலைகளின் பெயர்களும் இவ்வாறே. கள்ளக்குறிச்சிப் பகுதியில் வயலுக்கு நீர் தருவது ஏரி. கோயிலை ஒட்டியும் ஊர் நடுவிலும் இருப்பது குளம். திருநெல்வேலியிலும் ஈழத்து வன்னிப் பகுதியிலும் வயலுக்கு நீர் பாய்ச்சும் பெருநீர்நிலையே குளம் எனப்படும். கேணி என்றால் வடதமிழ்நாட்டார் கிணற்றை நினைப்பர். யாழ்ப்பாணத்தார் படிக்கட்டுகளையுடைய சிறுகுளத்தை நினைப்பர்.

கடல் கடந்தால் வேற்றுமை மேலும் மிகுகின்றது. 'காணி' என்பது கள்ளக்குறிச்சி உழவர்க்கு ஓர் அளவு, நூறு குழி கொண்டது, ஏறத்தாழ 1.32 ஏக்கர். இலங்கைத் தமிழர்க்கோ எவ்வளவு பரப்புடைய நிலமாயினும் அது காணியே. 'சோளம்' என்றால் தமிழ்நாட்டார் வெண்மணிச் சோளத்தைக் கருதுவர். இலங்கைத் தமிழர் மக்காச்சோளத்தைக் கருதுவர். நம் சோளத்தை அவர்கள் இறுங்கு என்பர். 'ஆசிரியர் என்னைப் பேசினார்' என்று யாழ்ப்பாணத்து மாணவன் கூறினால், ஆசிரியர் கடிந்து கொண்டார் என்பது பொருள். உரையாடுதலை அவர்கள் கதைத்தல் என்பர்; நாமோ கதை என்றதும் பாட்டி சொல்லும் கதையை நினைக்கின்றோம்.

இது தமிழுக்கு மட்டும் உரிய இயல்பன்று. பல நாடுகளில் பரவிய ஆங்கிலத்திலும் இதனைக் காணலாம். 'கார்ன்' என்னும் சொல் இங்கிலாந்தில் கோதுமை முதலிய தானியங்களுக்குப் பொதுப்பெயராய் வழங்கியது. அமெரிக்காவில் அது மக்காச்சோளத்தையே குறிக்கும். இங்கிலாந்தில் 'முதல் தளம்' என்பது தரைத்தளத்திற்கு மேலுள்ளது; அமெரிக்காவில் தரைத்தளமே முதல் தளம். எனவே, ஒரே மொழி பேசும் இருவர், ஒரே கட்டடத்தில், ஒருவரையொருவர் வேறு வேறு தளங்களில் தேடிக் களைக்கவும் கூடும்.

இத்தகைய மயக்கம் எப்போதும் நகைப்போடு முடிந்துவிடுவதில்லை. கல்வராயன் மலையில் வாழும் பழங்குடி மக்கள் மலையாளிகள் எனப் பெயர் பெற்றவர்கள். மலையை ஆள்வோர், மலைவாழ்நர் என்பது அச்சொல்லின் பொருள். தம் முன்னோர் காஞ்சிபுரத்திலிருந்து வந்த உடன்பிறந்தார் எனவும், அவர்கள் பிரிந்து வெவ்வேறு மலைகளில் குடியேறினர் எனவும் அவர்களிடையே வழிவழியாக ஒரு செய்தி வழங்குகின்றது. மலைச்சரிவுகளில் சாமையும் தினையும் கேழ்வரகும் விளைவித்து வந்த அம்மக்களின் தாய்மொழி தமிழே. ஆனால் மலையடிவாரத்தைக் கடந்து நகரத்திற்கு வந்துவிட்டால், மலையாளி என்றதும் கேரளத்தார் என்றே பலரும் கொள்வர். கல்வி நாடி வரும் மலைநாட்டு மாணவன், தன் இனப்பெயரைச் சொன்ன மாத்திரத்தில் அயல்மொழியாளனாகக் கருதப்படுவது எத்துணை வருத்தம் தருவது!

இம்மயக்கம் நேராவண்ணம் சட்டம் ஒரு வழி கண்டுள்ளது. தமிழ்நாட்டுப் பழங்குடியினர் பட்டியலில் மலையாளி என்னும் பெயர் தனித்து நிற்கவில்லை. தருமபுரி, வடஆர்க்காடு, புதுக்கோட்டை, சேலம், தென்னார்க்காடு, திருச்சிராப்பள்ளி என்னும் மாவட்டப் பெயர்கள் அதனுடன் சேர்த்துக் குறிக்கப்பட்டுள்ளன. 2019ஆம் ஆண்டு விழுப்புரத்திலிருந்து பிரிந்து தனி மாவட்டமான கள்ளக்குறிச்சி, பழைய தென்னார்க்காட்டைச் சேர்ந்ததே. சொல்லின் பொருளைத் துணிய வேண்டுமாயின் அது வழங்கும் நிலத்தையும் உடன் கூறவேண்டும் என்னும் உண்மையை அப்பட்டியலே காட்டுகின்றது.

இவ்வுண்மையை நம் முன்னோர் நெடுங்காலத்திற்கு முன்பே உணர்ந்திருந்தனர். தொல்காப்பியர் சொல்லதிகாரத்தின் எச்சவியலில் சொற்களை இயற்சொல், திரிசொல், திசைச்சொல், வடசொல் என நான்காக வகுத்தார். செந்தமிழ் நிலத்தைச் சேர்ந்த பன்னிரு நிலத்தும் வழங்கும் சொற்கள் அவ்வந்நிலத்தார் குறித்த பொருளை உடையன என்றார். அவற்றை இழிந்தவை என ஒதுக்கினாரல்லர். செய்யுளில் இடம்பெறும் உரிமையையும் அவற்றிற்கு அளித்தார். தந்தையை அச்சன் என்பது குடநாட்டு வழக்கு என்றாற்போல, உரையாசிரியர்கள் நாட்டின் பெயரோடு சேர்த்தே எடுத்துக்காட்டுத் தந்தனர்.

ஆகவே, பிற ஊரார் பேச்சில் பழகாத பொருளில் ஒரு சொல் வருமாயின், நகைத்தல் அறிவுடையார் செயலன்று. 'உங்கள் ஊரில் இதற்குப் பொருள் யாது?' என வினவுதலே அறிவுடையார் செயல். பலரும் படிக்கும்படி எழுதுங்கால் பொதுவழக்குச் சொல்லை ஆளுதல் நன்று. நிலம் விற்றல், வாங்கல் முதலியவற்றில் அளவையும் இடத்தையும் ஐயமற வரைதல் இன்றியமையாதது. ஆயினும் பொதுவழக்கைக் கற்றுக்கொண்ட மாணவன், தன் ஊர்ச் சொல்லை மறக்க வேண்டுவதில்லை. கொல்லை என்னும் சொல்லின் பழம்பொருளைக் காத்து வைத்தவர்கள் அதனை ஏட்டில் படித்தவர்கள் அல்லர். நாள்தோறும் அங்கே ஏர் ஓட்டியவர்களே.