வெப்பம் வெள்ளமாக ஓடுமா?

கேள்வி: அயர்ன் டேபிளில் பெட்டியை எடுத்த பிறகும் சூடு மெதுவாகத்தான் பரவுகிறது. திடப்பொருளில் வெப்பம் தண்ணீர்போல ஓடுவதுண்டா?
- பனியன் கம்பெனி வாசகர், திருப்பூர்

பதில்: உண்டு, உங்கள் டேபிளில் அல்ல. பல திடப்பொருள்களில் வெப்பத்தைப் பெரும்பாலும் சுமப்பவை அணு அதிர்வுகளான ஃபோனான்கள். சாதாரணச் சூட்டில் அவை பஸ் ஸ்டாண்டு கூட்டம் மாதிரி மோதி மோதித் திசை மறந்துவிடும். மிகத் தூய படிகத்தைக் கடுங்குளிரில் வைத்தாலோ, மோதினாலும் மொத்த உந்தம் குறையாது. நொய்யலில் புதுவெள்ளம் வருவதுபோல வெப்பமே அலையாகக் கிளம்பும். பெயர் 'இரண்டாம் ஒலி'. காதில் கேட்காது! பெங்களூரில் பிறந்த இயற்பியலாளர் வெங்கடேஷ் நாராயணமூர்த்தியும் சக ஆய்வாளர் டைன்ஸும் 1972இல் பிஸ்மத் படிகத்தில், மைனஸ் 270 டிகிரி அளவில் இதைக் கண்டார்கள். 2019இல் கிராஃபைட்டில் மைனஸ் 150 டிகிரிக்கு அருகிலேயே தென்பட்டது. உங்கள் டேபிளில் விரித்த பருத்தித் துணியோ இழையும் காற்றுமாகக் கிடப்பது. அதில் எந்தக் குளிரிலும் இது நடக்காது.